ஒரு நாள் நடை பாக்கி

திருச்சுழி,
தை மாதம், வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள அண்ணன் வீரபாண்டிக்கு, தங்கை ரேணுகாதேவி எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்று கை வரவில்லை. இதை என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை உதயகுமார் ஒட்டன்சத்திரத்துக்குக் கொண்டுவருகிறார். படித்ததும் அவருடன் காரில் ஏறிவிடு. நம் அப்பா இன்று காலை எட்டு மணிக்குப் போய்விட்டார். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலை போட்டவனுக்கு எதற்கு என்று உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு நடக்கக் கிளம்பினாய். குருசாமி கோட்டைச்சாமிக்குப் போன் போட்டுத்தான் தினமும் விசாரித்தேன். காலெல்லாம் கொப்புளம், துணி சுற்றிக்கொண்டு நடக்கிறாய் என்றார். சின்ன முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவன் நீ.

பக்கவாதம் வந்து படுக்கும்வரை இருபது வருஷம் பழனிக்கு நடந்தவர் அப்பா. இப்ப எங்கன வாரான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாடிப்பட்டி தாண்டிவிட்டாய் என்றேன். "இனிமே சிறுமலை கூடவே வரும். எம்புட்டு நடந்தாலும் அதே மலைதான் நிக்கும். பயலுக்கு அலுத்துப்போகும்" என்று வாய் கோணச் சிரித்தார்.

புதன்கிழமை முதல் கஞ்சி இறங்கவில்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுதானே நேர்ந்துகொண்டாய். நீ பாதியில் திரும்பினால் அதுவே அவருக்கு ஆகாமல் போய்விடும் என்று பயந்தேன். கேட்டபோதெல்லாம், வந்துக்கிட்டு இருக்கான்ப்பா என்று பொய் சொன்னேன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிருடி என்ற முருகலட்சுமி பெரியம்மாவிடமும் சண்டை போட்டேன். நேற்றுச் சொல்லியிருந்தால் பஸ்ஸில் பொழுது சாய்வதற்குள் வந்திருப்பாய். தப்பு என்னுடையது அண்ணே.

பாலை நான்தான் ஊற்றினேன். உன் பெயரைச் சொல்லித்தான் ஊற்றினேன். ஒரு மடக்கு உள்ளே போனது.

ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம். நீ வராமல் தூக்க விடமாட்டேன். ஒரு நாள் நடைதானே பாக்கி, மலையேறிவிட்டு வருகிறேன் என்று நிற்காதே. துக்கக்காரன் ஏறக் கூடாது. குருசாமி கையாலேயே மாலையைக் கழற்றச் சொல். நின்ற இடத்திலிருந்தே பழனி இருக்கும் பக்கம் கும்பிட்டுக்கொள். முருகனுக்கென்று வளர்த்த முடியை அங்கே இறக்கிவிடாதே. அதை இங்கே அப்பாவுக்கு இறக்க வேண்டும்.

வந்து என்னை அடி, திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அப்பா காதருகே குனிந்து, நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று இப்போதும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தடவையாவது என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் தங்கை,
ரேணுகா