ஒரு சாண் உயரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. வலது தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் உள்ளதை உள்ளபடி எழுது. இங்கே நீச்சல் குளத்தில் நான் பார்த்துக்கொள்கிற பம்ப் அறை மோட்டாரை மாற்றிவிட்டார்கள். புதியது சத்தமே போடுவதில்லை. ஓடுகிறதா இல்லையா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாதக் கடைசியில் பயிற்சி முகாமை விட்டு வந்துவிடுகிறேன், இனி தண்ணீரில் குதிக்கப் பத்து மீட்டர் மேடை ஏறப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். "அம்மா குரல் தப்பாது. நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். இந்த உடம்பை இனிமே நம்ப முடியலை" என்று அதில் ஒரு வரி. உன் அம்மா அந்த வரியை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். அன்று சாயங்காலம் விசிலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பயிற்சிக்குப் போனாள். இருபத்தாறு வருஷமாக அவள் கோச்; விசிலை மறந்து நான் பார்த்ததில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் "சாப்பிட்டியா", "தூங்கினியா" என்பதைத் தாண்டமாட்டீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் ஒரு செய்தி. பதறாதே. அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றை எடுத்து, மூன்று வாரம் கழித்து மற்றதையும் எடுத்தாகிவிட்டது. "அவ பயிற்சி கெட்டுடும், வாயைத் திறக்காதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் அவளுக்குப் பயந்து நடக்கிற ஆள்தானே, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

எனக்கே கடைசியில்தான் தெரியும். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றுவாள். கேட்டால் டம்ளரை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று என்மேல் பாய்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வந்தவர்களின் தோளைப் பார்த்து, "இவ சின்ன வயசுலயே தண்ணிக்கு வந்திருக்கணும்" என்று பெருமூச்சு விடுகிறவள், கடைத்தெருவில் உன் சித்தியையே தாண்டிப் போயிருக்கிறாள். சித்தி வீட்டு வாசலில் வந்து நின்று, "பெரிய கோச்சாயிட்டா கூடப் பிறந்தவ கண்ணுக்குத் தெரியமாட்டாளா?" என்று ஒரு மூச்சு கத்திவிட்டுப் போனாள். நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் வேலை பார்த்தீங்க?" என்றார். பழக்கம் என்று சொன்னாள்.

இப்போது தேறிவிட்டாள். கண் கட்டை அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுடுச்சா?" என்று அதிர்ந்துபோனாள். ஒரு மாதத்துக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளத்துப் பக்கம் வராமல் அவளால் இருக்க முடியுமா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆழமில்லாத பக்கத்துக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆத்திரத்துக்கு ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்து நீச்சல் பழக்குகிறாள். தண்ணீரைச் சுத்தம் பண்ணத் தெரிந்தும் அதில் மிதக்கத் தெரியாத புருஷன் தனக்குக் கிடைத்தது மானக்கேடு என்கிறாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சுவரில் ஆழத்தைப் பெயிண்டால் எழுதியவனே நான்தான். தெரிந்தும் காலை விட எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நேற்று பதினோரு வினாடி மிதந்தேன். "கட்டைகூடத்தான் மிதக்கும், ரொம்பச் சந்தோஷப்படாதீங்க" என்றாள். ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எதற்கு இந்தக் கடிதம் என்றால், முகாமுக்குப் போவதற்கு முன்னால் நம் குளத்தில் நீ குதித்து அடிபட்டு விழுந்த அன்று டிக்கெட் கவுண்டர் அக்கா போனில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறதல்லவா, அதை உன் கடிதம் வந்த மறுநாளே கேட்டு வாங்கினாள். ஒரு மத்தியானம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சொட்டு மருந்து விடுகிற நேரம்கூடத் தாண்டிவிட்டது. அன்று நானும் அங்கேதானே இருந்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மேலே இருக்கிற உனக்குத் தெரியட்டும் என்று குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தண்ணீரைப் பார்த்துத்தான் பழக்கம், குதிக்கிறவர்களைப் பார்த்துப் பழக்கமில்லை. அதனால் அவள் கண்டுபிடித்ததை நான் சொல்வது சரியாக இருக்காது. நீயே எழுது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையின் முழங்கையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், நாலு தாளைக் கிழித்துப் போட்டாள். இந்தக் கடைசிப் பக்கத்தை அவளுக்கு விட்டிருக்கிறேன்.

படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும், தாராளமாகச் சண்டை போடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எங்கே இருந்தாலும் மனம் கலங்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று நீ அவசரப்படவில்லை. நான் "விடு" என்று கத்தினேன், நீ உடம்பை விரித்தாய். ஒன்பது வயதிலிருந்து உன்னை அப்படித்தான் பழக்கினேன். சுருண்டு சுற்றும்போது உனக்கு மேலும் கீழும் கலந்துபோகும், கீழே நிற்கிற என் கண்தான் உன் கண், நான் "விடு" என்றால் யோசிக்காமல் விரிந்துவிடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அந்தக் கண் ஒன்றரை வருஷமாகச் சரியில்லை. சாயங்கால வெயிலில் நீ மேடையிலிருந்து கிளம்பினால் எனக்கு ஒரு கறுப்புப் பொட்டுதான் தெரியும். அதனால் எண்ண ஆரம்பித்தேன். உன் கால் மேடையை விட்ட சத்தம் கேட்டதும் மனதுக்குள் எண்ணி, அந்தக் கணக்குக்குக் கத்துவேன். நீ எப்போதும் ஒரே மாதிரி குதிப்பவள், கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. தப்பாததால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குளத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

வீடியோவில் இப்போதுதான் பார்க்கிறேன். அன்று நீ வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக எழும்பியிருக்கிறாய். "இன்னும் மேல, இன்னும் மேல" என்று ஆறு வருஷம் உன்னைத் திட்டியது அந்த ஒரு சாணுக்காகத்தான். அது வந்த அன்று நான் பார்க்கவில்லை. பழைய கணக்குக்கே கத்திவிட்டேன். நீ உயரத்திலேயே விரிந்துவிட்டாய். மிச்சத் தூரத்துக்கு உடம்பு இன்னும் சுற்றி, முதுகு தண்ணீரில் அறைந்தது. உன்னைத் தூக்கிக் கரையில் போட்டபோது, "அவசரப்பட்டுட்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பார்த்தவள் மாதிரி சொன்னேன். அது பொய். மன்னித்துவிடு.

குளத்து நிர்வாகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடைப் பயிற்சியை ஆறு மாதத்துக்கு வேறு கோச் பார்ப்பார். நான் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் எடுக்கிறேன். அப்புறம் மேடையைத் திரும்பக் கேட்பேன், கொடுக்காவிட்டாலும் கேட்பேன்.

உன் உடம்பை நீ நம்பலாம். அது தன் வேலையை மற்ற எந்த நாளையும்விட நன்றாகச் செய்தது. மேடையை விட்டு இறங்குவதானால் இறங்கு. பயமாக இருக்கிறது என்று இறங்கு, அலுத்துவிட்டது என்று இறங்கு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். என் தப்பைத் தலையில் சுமந்துகொண்டு மட்டும் இறங்காதே. ஒரே ஒரு தடவை மேலே போய் நின்று, உன் கண்ணால் தண்ணீரைப் பார். பிறகு எந்த முடிவானாலும் எனக்கு எழுது.

முன்பு காரணம் சொல்லாமல் நான் கேட்ட மாதிரி, இனி எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டாம். எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

அம்மா