மர்யம் அத்தியாயத்தில் ஒரு மௌனம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதுவது. சலாம். தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஏழு வருடம் எழுதாதவன் சமாதானம் பேச வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூடுவதற்குள் வேண்டும்.

நீங்கள் ஓதிப் பதிவு செய்து அனுப்பிய கேசட்டுகளைத் தையல் மிஷினை மிதித்தபடியே கேட்டுத்தான், வர்ஷ் என்ற அறிவிப்பாளர் வழிவந்த குர்ஆன் ஓதல்முறையைக் கற்றேன். எதிரில் உட்கார்ந்து திருத்த எனக்கு யாருமில்லை. எங்கள் பள்ளிவாசலில் இமாம் இல்லாத நாட்களில் முப்பது வருடமாக முன்னால் நின்று தொழவைக்கிறேன்.

புதிதாக வந்த மரக்கடைக்காரர் புகார் கொடுத்தார். குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வரும் "மாலிகி"யை "மலிகி" என்று குறுக்குகிறேனாம். "பெருசு ஒரு எடத்துல எழுத்தை முழுங்குது, இன்னொரு எடத்துல ரயில் மாதிரி இழுக்குது" என்று சிரித்தார். புது இமாம், "வர்ஷ் முறை அப்படித்தாங்க, சரியாத்தான் ஓதுறாரு" என்று அவர் வாயை அடைத்தார். என் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்திலேயே கவிழ்ந்தது.

மர்யம் அத்தியாயத்தில் ஒரு வசனத்தின் நடுவே, மூச்சு விடாமல் ஒரு கணம் நிறுத்துவேன். "வேற அறிவிப்பாளருங்க சில எடத்துல அப்படி நிறுத்துவாங்க. வர்ஷுல இங்க கிடையாதே, பெரியவரே?" என்றார் இமாம். கேசட்டில் ஓதியவரிடமே எழுதி வாங்கி வரவேண்டுமாம். அதுவரை முன்னால் நிற்கக்கூடாதாம்.

"கேசட்ல இருக்கு!" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கடையை அடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மௌனத்துக்கு முன்னால் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். இத்தனை வருடம் டேப் தேய்ந்த சத்தம் என்றிருந்தேன். குழந்தை சிணுங்குகிறது. பிறகு ஒரு 'டக்'. பிறகு நீங்கள்.

உங்கள் மகள் பிறந்த வருடம் அது. அவளைத் தூக்கத்தான் பதிவை நிறுத்தினீர்களா? ஆமென்றால் ஒரு வரி போதும். ஜமாஅத்தின் முன் நானே நின்று வாசிப்பேன். குற்றத்தில் பாதி உங்கள் பொத்தானுடையது என்பதையும் சேர்த்தே வாசிப்பேன்.

என்னைக் கேட்காமல் நடந்த அவள் கல்யாணத்துக்கு நான் வராதது வராததுதான். ஆனால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: அவள் அழுத இடத்தில், ஒரு தடவைகூட நிற்காமல் இந்தத் தாய்மாமன் கடந்து போனதில்லை.

அல்லாஹ் அவள் மடியை நிறைத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
தையல்காரன்