மிச்ச மைலோ

9.8.1988, செவ்வாய். கிள்ளான், மலேசியா.

கண் இன்னும் மஞ்சள்தான். வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கார அக்கா இன்று என் தட்டையும் கிளாஸையும் என் அறை வாசலில் தனியாக வைத்துவிட்டார். "ஃபேக்டரி கண்டீன்லேர்ந்து நீதான் கொண்டாந்திருக்கே. பிள்ள இருக்கற வீடு லா," என்றார்.

காலையில் டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் வெளியே தெரியாது. பெரியவங்களுக்குத்தான் மஞ்சளாக் காட்டும்."

போன மாதம் அக்கா மகளின் பாலர் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை. அவள் மிச்சம் வைக்கும் மைலோவைத் தினமும் குடித்தவள் நான். சொன்னால் பிள்ளைமேல் பழி போடுகிறேன் என்பார். அறையும் போய்விடும்.

சாயங்காலம் அவள் கதவைத் தட்டினாள். "ஆன்டி, பாதி வச்சிருக்கேன்."

"ஆன்டி தூங்குறேன்மா," என்று உள்ளேயிருந்து சொன்னேன்.