சூட்டுப் பக்கத்துப் பெட்டி

பங்குனி 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். நாளை மோட்டார் சைக்கிளில் கல்லாங்காட்டுப்புதூர், வேலந்தாவளத்துக்குத் தெற்கே. ஓர் இரவு தங்கல். போன மாதம் அங்கே பெரியம்மையில் மூன்று சாவு. மிச்சமிருப்பவர்களுக்கு நான் அம்மைத் தடுப்புப் பால் குத்த வேண்டும்.

பெட்டி அடுக்கினேன். வண்டியின் இரு பக்கமும் தகரப் பெட்டி. வலப் பெட்டிக்கு அடியிலேயே புகைக்குழாய். நான்கு மைல் ஓடினால் கை வைக்க முடியாது. ஆகவே:

இடம் - அம்மைப்பால் குழல்கள் (ஈரத் துணி சுற்றி, மண் கலயத்தில்), ஊசி, பஞ்சு, ஸ்பிரிட்.
வலம் - ரிஜிஸ்டர், என் வேட்டி, சுகாதார இன்ஸ்பெக்டரின் துணிமணி.

(இன்ஸ்பெக்டர் இனி இ. முழுதாக எழுதக் கை கூசுகிறது.)

மாலையில் இ. வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். இடப் பெட்டியில் ஆறு சோடா, ஒரு பிராந்தி, வறுத்த கறி ஒரு போசி.

"சோடா சூடானா குடிக்க முடியுமாய்யா?"

"பால் சூடானா செத்துப் போகும் சார்."

"எனக்கே பாடமா? ஈரத் துணி சுத்தியிருக்கே, போதும்."

கலயமும் பஞ்சும் வலப் பக்கம் போயின. நானே மூடி, நானே வாரை இறுக்கினேன்.

பங்குனி 10, செவ்வாய்

நல்லேப்பிள்ளி வழி. வாயெல்லாம் புழுதி. வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. கூட்டத்துக்குள் அரை மணி நேரம், எஞ்சினை நிறுத்தாமலே.

ஊரில் பெட்டியைத் திறந்தேன். துணி காய்ந்து சுருண்டிருந்தது. கலயம் அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி. பஞ்சுப் பொட்டலத்தின் மேல் இ.யின் அழுக்குக் காலுறை. அதன் மேல் தலை எண்ணெய் வேறு கசிந்து. ஒரே நாற்றம்.

"இது ஆகாது சார். திரும்பிப் போய் வேற எடுத்துட்டு வரலாம்."

"குத்துய்யா. எனக்குத் தலைக்கணக்கு வேணும்."

வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்கிற ஜனங்கள். இன்று தாங்களாகவே வரிசையில். பொன்னாத்தா என்றொருத்தி, போன மாதம் மூத்தவனைப் பறிகொடுத்தவள், நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஏனுங்க, இதக் குத்துனா வராதுங்களா?"

"வராதும்மா."

என் வாய்தான் சொன்னது. மொத்தம் 31 பேர்.

சாயங்காலம் சத்திரத்தில் இ. சோடா உடைத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். குடித்தேன். சில்லென்று இருந்தது. த்தூ.

பங்குனி 11, புதன்

திரும்பியாயிற்று. வழி நெடுக இ.யின் கறி ஏப்பம், பின்னால் உட்கார்ந்தவன் முகத்தில்.

ரிஜிஸ்டரில் 'பலித்தது' என்ற கட்டத்தை எட்டாம் நாள் கையைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். இ.: "இப்பவே போட்டுடு. மறுபடி அந்தப் புழுதியில யாரு போறது?" பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். தலைவலி என்று பொய். இரண்டு தடவை குளித்தும் அந்த எண்ணெய் நாற்றம்.

பங்குனி 18, புதன்

இ.யிடம் சொல்லாமல், விடியற்காலையில் மாட்டு வண்டி பிடித்துப் புதூர்.

31 கை பார்த்தேன். 28இல் ஒன்றுமே இல்லை. மூன்றில் லேசாகச் சிவப்பு, கொசுக்கடியாகவும் இருக்கலாம்.

பொன்னாத்தா முகம் நிறையச் சிரிப்பு. மகளின் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, ஒரு கொப்புளங்கூட இல்லீங்க. உங்க கை அத்தன சுத்தமுங்க." மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தேன்.

சொல்லிவிட்டேன். "கொப்புளம் வந்தாத்தாம்மா பலிச்சதுன்னு அர்த்தம். அன்னிக்குக் குத்துனது பெட்டியில வெந்துபோன பால்."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். தெரிஞ்சேதான் குத்தினேன்."

"நாங்க ஒண்ணும் அறியாத சனம்னுதானுங்களே?"

அப்போதும் 'ங்க' போடுகிறாள். என்னை அறைந்திருக்கலாம்.

அவளுடைய மாமனார் ஊரை விட்டுப் போகச் சொன்னார். புதுப்பால் கொண்டுவருகிறேன் என்றேன். ஊர் எல்லை தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம். பொன்னாத்தா, குழந்தையோடு.

"பால் எங்க இருக்குது?"

"ஆபீசுல."

"நடங்க. அது அங்கயே இருக்கட்டும். புள்ளைய நான் கொண்டாறேன்."

அத்தனை மைலும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். பொழுது சாயுமுன் ஆபீசில் புதுக் குழல் உடைத்து மகளுக்குக் குத்தினேன்.

இ. படியில் நின்று, "யாருய்யா இவ?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு?"

பொன்னாத்தாதான் பதில் சொன்னாள். "பைத்தியமில்லீங்க. இவரு சொல்லிப்போட்டாரு. நீங்க சொல்லலீங்க."

நல்லேப்பிள்ளியில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

பங்குனி 19, வியாழன்

ரிஜிஸ்டரில் எழுதினேன். குத்தியது 31. பலித்தது 0. இ. தாளைக் கிழிக்கப் பார்த்தார். பக்க எண் அச்சடித்திருக்கிறது, கிழித்தால் தெரிந்துவிடும். என் மேல் புகார் எழுதுவாராம். இனி வண்டியில் ஏறக்கூடாதாம். இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல உத்தரவு.

பங்குனி 27, வெள்ளி

காலையில் புதூர் வண்டிக்காரர் வந்தார். இரண்டு வீட்டில் அம்மை. இரண்டு பேருமே என் 31இல். ஒருவர் ஆறுமுகம், அன்று வரிசையில் முதல் ஆள், வெற்றிலைக் கறைப் பல்லோடு சிரித்தவர். மற்றது அவர் தங்கை.

"பொன்னாத்தா புள்ளைக்குக் கையில நல்லாக் கொப்புளம் கட்டியிருக்குதுங்க. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. உங்கள வரச் சொல்லுச்சுங்க. மோட்டார்ல வேண்டாமாமா, பால மடியில வெச்சுட்டு வரச் சொல்லுச்சு."

லீவு கேட்கவில்லை. புதுக் குழல் நாற்பது. துணி நனைத்தாயிற்று. வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்.

முதலில் ஆறுமுகம் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் பால் இனி உதவாது. வாசலில் நின்று என்ன சொல்வது?