கட்டையைக் கழற்றச் சொன்னவன்

2024 ஜனவரி 28, ஞாயிறு

இன்றும் போய்விட்டது. மூன்று கிலோவுக்குக் குறையாத விரால். நீர்த்தேக்கத்துப் பட்டமரத்து வேருக்குப் பக்கத்தில் ரப்பர் தவளையை விழவைத்து, இரண்டு துள்ளல், ஒரு நிறுத்தம் - வீடியோவில் நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே. தண்ணீர் வெடித்தது, ராட் வளைந்தது, கையெட்டும் தூரம்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைசி நொடியில் மீன் படகின் மிதவைக் கட்டைக்குக் கீழே புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. நூல் கட்டையில் உரசி அறுந்தது.

யேசுரட்ணம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "டேய் ஹிஷாமு, மீனு ஒன்னயவிட வெவரமா இருக்குடா." படகு அவனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அதனால் எதையும் சொல்வான். அவனுக்கு மீன்தான் சோறு. எனக்கு மஸ்கெலியா பஜாரில் வாப்பா விட்டுப்போன ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. அதில் ஒரு பக்கம் தூண்டில் சாமான், அதை விற்க யூடியூப். நான் வெறும் பேச்சுக்காரன்.

அமெரிக்காக்காரன் வீடியோக்களில் படகு ஒரு மேடை மாதிரி அகலம். நடுவில் எழுந்து நின்று வீசுகிறான். நமக்கு வாய்த்ததோ ஒருவா. ஆள் இடுப்பளவு ஒடுங்கிய பைபர் படகு, ஒரு பக்கம் இரண்டு கம்பு நீட்டி, நுனியில் ஒரு கட்டை. பாதித் தண்ணீரை அந்தக் கட்டையே பிடித்துக்கொள்கிறது.

அதைக் கழற்றிவிட்டால் என்ன?

பெப்ரவரி 4, ஞாயிறு

கழற்றிவிட்டோம்! அடியில் நாலு மணல் மூட்டை, மேலே ஒரு பலகை, எழுந்து நிற்க இடம். யேசுரட்ணம் முதலில் சம்மதிக்கவில்லை. "கட்டைதானேடா இதுக்குக் காலு. கால எடுத்துட்டு நிக்கச் சொல்றியே." மணல் மூட்டையின் பாரம் படகைப் பிடித்துக்கொள்ளும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தான். அவன் முடிச்சை அவன்தான் அவிழ்க்க வேண்டும், மற்றவன் தொட்டால் இன்னும் இறுகும்.

காற்றே இல்லாத நாள். தண்ணீர் கண்ணாடி. நான் நின்றபடி வீசினேன், இரண்டு விரால். உயிர்காப்பு ஜாக்கெட் போடாமல் படகில் ஏறாதீர்கள் என்று வழக்கம்போல ஒரு பிரசங்கமும் செய்தேன். "கட்டையைக் கழற்றுங்கள், மீனைத் தூக்குங்கள்" - தலைப்பு நானே வைத்தது. ஷிபானா பார்த்துவிட்டு, "அரசியல்வாதி மாதிரி இருக்கீங்க" என்றாள். மனைவியின் வாயிலிருந்து இதுவே பெரிய பாராட்டு.

பெப்ரவரி 11

நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தோராயிரம்!

பெப்ரவரி 18, ஞாயிறு

படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். அவன் ஆஸ்பத்திரியில்.

பெப்ரவரி 20

மீனவர் சங்கத்துச் செயலாளர் மாத்தயா, சிங்களவர், கடைக்கு வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார். சிங்களத்தில் சொன்னேன், தடங்கல் இல்லாமல் வந்தது. வீடியோ எடுத்த பிறகு கட்டையை மறுபடி பூட்டிவிட்டோம், அன்றைக்குக் காற்றில் அதன் கட்டு அவிழ்ந்துவிட்டது என்றேன். யார் கட்டியது என்று கேட்டார்.

யேசுரட்ணம் என்றேன்.

கையெழுத்தும் போட்டேன். சானலிலும் அதையே எழுதிப் போட்டுவிட்டேன். "கட்டு அவிழ்ந்ததால் ஒரு விபத்து, அல்லாஹ் காப்பாற்றினான்." அல்லாஹ்வை எதற்கு இழுத்தேன்?

பெப்ரவரி 25, ஞாயிறு

சங்கக் கூட்டம். யேசுரட்ணம் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. செயலாளர் என் வாக்குமூலத்தை வாசித்தார். கட்டை சரியாகக் கட்டப்படாத படகு தண்ணீரில் இறங்கக்கூடாது, மறு தீர்மானம் வரும்வரை யேசுரட்ணத்தின் அனுமதி நிறுத்தம். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவனைக் கேட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"மொதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

மொதலாளி. இருபத்தைந்து வருஷமாக டா போட்டவன்.

வெளியே வரும்போது வலைக்காரர் ஒருவர் என் முதுகில் தட்டினார். "நீங்க ரெஜிபோம் பெட்டியத் தள்ளி விடலன்னா அவன் போயிருப்பான் மொதலாளி." நான் தள்ளவில்லை. மீன் போட வைத்திருந்த பெட்டி தானாக அவன் பக்கம் மிதந்து போனது, அதைப் பிடித்துக்கொண்டான். தலையை ஆட்டிவைத்தேன்.

மார்ச் 3

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

கட்டை அன்றைக்குப் படகில் இல்லவே இல்லை. அவன் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. ஜாக்கெட்டும் ஒன்றுதான். இன்னொன்றைக் காலையில் ஒருவன் கேட்டான், விற்றுவிட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மிஞ்சிய ஒன்றை யார் போடுவது என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

எழுந்து நின்று வீசினேன். பெரிய மீன் ஒன்று மாட்டியது. அவன் கைவலையோடு என் பக்கமாகக் குனிந்தான். இரண்டு பேர் பாரமும் ஒரே பக்கம், மணல் மூட்டைகளும் அந்தப் பக்கமே சரிந்தன. பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்ன மூட்டைகள்தான் படகைப் புரட்டின.

அவனுக்கு நீச்சல் தெரியாது. என் ஜாக்கெட்டின் வாரை இரண்டு கையாலும் பிடித்தான். என் தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போனது.

உதைத்தேன். நெஞ்சில். இரண்டு தரம். முதல் உதையில் அவன் விடவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தவனாம். பின்வரிசையில் போய் நின்றுகொண்டேன், அதையும் அடக்கம் என்றார்கள்.

மார்ச் 15, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கடையைத் திறக்கும்போது பெற்றீசியா நின்றிருந்தாள். யேசுரட்ணத்தின் மனைவி. கடைக்குள் வரவில்லை, படியிலேயே நின்று பேசினாள்.

"தபசு காலத்துலதான்ணே எங்க ஆளுங்க மீனு வாங்குவாங்க. அவரு இப்ப மலையில புல்லு வெட்டப் போறாரு. இருமலு இன்னும் நிக்கல. ஒங்களுக்கு சிங்களம் நல்லா வருமே, சங்கத்துல ஒரு வார்த்த சொல்லுங்களேன். கட்டு அவுந்தது அவரு குத்தந்தான், இல்லேங்கல. இனிமே சரியாக் கட்டுவாரு."

அவன் அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் கூட அந்தக் கட்டு தன்னுடைய குற்றம் என்றே விட்டிருக்கிறான்.

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமாம்! என்ன மனுஷன் நான்? அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 17, ஞாயிறு

கொட்டகலையிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு ஆசிரியர் செய்தி அனுப்பியிருக்கிறார், படத்தோடு. "அண்ணா, உங்க வீடியோ பார்த்து நாங்களும் கட்டையைக் கழட்டிட்டோம். பெரிய வெள்ளி லீவுக்கு மகன்மாரோட இறங்கப் போறோம்." படத்தில் புதுப் படகு, நாலு மணல் மூட்டை, மேலே பலகை. பலகையின் மேல் இரண்டு பையன்கள். நான் நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள்.

முதலில் வீடியோவை அழித்தேன். அழித்தால் கட்டை திரும்ப வந்துவிடுமா? அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவரை அழைத்தேன். கட்டையைப் பூட்டிவிட்டுப் போங்கள், ஆபத்து என்றேன்.

"நீங்க போட்டத வாசிச்சேன்ணே. ஒங்களுக்கு கட்டு அவுந்து திடீர்னு சாஞ்சிருச்சு. நாங்க கட்டையே இல்லாமல்ல போறோம்? அவுழ்றதுக்கு என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டே சொன்னார். என் பொய் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது! அந்த மனிதர் அதை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றப்போகிறார்.

சொன்னேன். கட்டு அவிழவில்லை, கட்டையே இல்லை, மூட்டை சரிந்தது, சங்கத்தில் சொன்னது பொய். வாயைத் திறந்து சொன்னது இதுவே முதல் தடவை, அதுவும் முகம் தெரியாத ஒருவரிடம்.

"அப்ப அந்தப் படகுக்காரரு?" என்றார்.

மார்ச் 18

ஷிபானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உதைத்ததையும். அழவில்லை, திட்டவில்லை. "பெற்றீசியா வந்தப்ப நான் உள்ள சாமான் அடுக்கிக்கிட்டு இருந்தேன். நீங்க பாக்கலாம்னு சொன்னது கேட்டுச்சு" என்றாள். பிறகு, "கூட்டம் எப்ப?"

மார்ச் 24, ஞாயிறு

அவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து யேசுரட்ணம் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்திருந்தான். கடைசிப் பெஞ்சு.

எழுந்து நின்றேன். சிங்களம் அன்றைக்கு ஓடிய மாதிரி இன்று ஓடவில்லை. பாதியில் தமிழுக்கு மாறி, மறுபடி திரும்பினேன். கட்டையைக் கழற்றச் சொன்னது நான். அவன் வேண்டாம் என்றான். அன்றைக்கு அது படகில் இல்லை. ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது, அதை நான் போட்டிருந்தேன். அவன் என்னைப் பிடித்தபோது உதைத்தேன். பெட்டியை நான் தள்ளவில்லை.

முன்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் என் பழைய வாக்குமூலத்தை எடுத்து, கையெழுத்தைக் காட்டி, இது உங்களுடையதுதானே என்றார். ஆமாம். எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர்தானே நீங்கள் என்றார். ஆமாம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். முதுகில் தட்டிய வலைக்காரர் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கட்டையைப் பூட்டி அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வெளியே ரோட்டில் அவன் பின்னாலேயே போனேன். மன்னித்துக்கொள் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் நடந்துகொண்டே பேசினான்.

"தண்ணிக்குள்ள ஒதைச்சீங்க, அதுல எனக்குக் கோவம் இல்ல மொதலாளி. தண்ணிக்குள்ள எவனும் அப்பிடித்தான். நானே ஒங்களப் புடிச்சு அமுக்கத்தானே பாத்தேன். கரைக்கு வந்து, துணி மாத்தி, டீ குடிச்சிட்டு சொன்னீங்க பாருங்க - என் கட்டு அவுந்துருச்சுன்னு." நின்றான். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, நாளைக்கு வந்து மாத்திச் சொல்லுவாரு, நாளைக்கு வந்து சொல்லுவாருன்னு இருந்தேன்."

ஒரு தடவைகூட நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அதை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு உறைத்தது.

மார்ச் 28, வியாழன்

புதிய வீடியோ போட்டேன். கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ராட் இல்லாமல், தொப்பி இல்லாமல். ஒருவாவில் கட்டையைக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்து மணிக்கட்டால் வீசுங்கள். மீன் கட்டைப் பக்கம் ஓடினால் ராட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மறுபக்கம் திருப்புங்கள். போனால் போகட்டும், மீன்தானே. பிறகு, யேசுரட்ணத்தின் கட்டு அவிழவில்லை, நான் சொன்னது பொய்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். "உயிர் வியாபாரி" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அழிக்கவில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

நிரஞ்சன் படம் அனுப்பினார். கட்டை பூட்டிய படகு. பையன்கள் இரண்டு பேரும் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போன தடவை "அண்ணா" என்று போட்டிருந்தார்.

ஏப்ரல் 2

பெற்றீசியா கடையைத் தாண்டிப் போனாள். நான் எழுந்து நின்றேன். அவள் பார்த்தாள், நடந்தாள். சரிதானே? வேறு என்ன எதிர்பார்த்தேன்?

ஏப்ரல் 6, சனி

இன்று மழை. கடையில் ஆள் இல்லை. யேசுரட்ணம் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தான். நைலான் கயிற்றுச் சுருளை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"இதுல பத்து மீட்டர் வெட்டுடா."

டா. கோபமாகவும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்ததோ என்னவோ. எனக்குக் கண் மறைத்தது, அளவுகோல் சரியாகத் தெரியவில்லை. கட்டையைப் பூட்டத்தான் என்று புரிந்தது. இரண்டு கூடவே இருக்கட்டும் என்று பன்னிரண்டு மீட்டர் அளந்து வெட்டினேன்.

அவன் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்தான், உதடு அசைய அளந்துகொண்டே. பத்தில் நிறுத்தினான். மேசையிலிருந்த கத்தியை எடுத்து மிச்சத்தை வெட்டி, என் முன்னால் வைத்தான்.

"பத்துதான் கேட்டேன்" என்றான். பத்துக்கு உண்டான காசை வைத்துவிட்டுக் குடையை விரித்தான்.

அந்த இரண்டு மீட்டர் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. ஷிபானா எடுத்து வைக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.