சங்குத்துறையின் வீட்டுச் செழிப்பு குறித்துப் பட்டினத்தரையருக்கு விடுத்த திருமுகம்

நீர்வளமும் நெறிவளமும் குன்றாதிருக்க. கடல் வேலியாய்ச் சூழ்ந்த வேங்கைநாட்டைத் தம் குடைநிழலில் காத்தருளும் அருமொழிநங்கைப் பெருந்தேவியாரின் ஆணைப்படி ஓலைநாயகம் எழுதுவது. சங்குத்துறைப் பட்டினத்தின் காவலரும், சென்ற பங்குனியில் ‘வணிகச் செங்கதிர்’ என்னும் பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவருமாகிய பட்டினத்தரையர் கூத்தன் வீரட்டனார் நலத்துடன் கண்டுகொள்க. உமது பட்டினமும், அதில் இன்னும் மீதமிருக்கும் குடிகளும் வாழ்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. சங்குத்துறையில் வீடு விற்குந்தோறும் அறையும் விற்பனை முரசு முன்னெந்த ஆண்டையும்விட மும்மடங்கு முழங்கியதென்றும், வீட்டுச் சந்தை சூடு பிடித்திருக்கிறதென்றும், ஆகையால் ஊர் கொழுத்துவிட்டதென்றும், கொழுத்த ஊருக்கு மனைவரியை இருமடங்காக்க அருள வேண்டுமென்றும் விண்ணப்பித்திருந்தீர். காய்ச்சல்காரன் உடம்பும் சூடாகத்தான் இருக்கும், அதன்மேல் உலை வைப்பாரும் உண்டோ என்று தேவியார் திருவாய் மலர்ந்தார். எத்தனை வீடு விற்றதென எழுதிய கை, என்ன விலைக்கு, எவ்வளவு காலம் காத்துக் கிடந்து, யாருக்கு விற்றதென எழுதுமுன் ஓய்ந்துவிட்டதே, அரையர் கையில் சுளுக்கோ என்றும் கவலையுற்றார்.

வீடு வாங்கியவர் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னரே விற்பனை நிறைவுறும் என்பது இந்நாட்டு வழக்கம். ஆதலால் அதைக் காணத் தேவியாரே உமது நெசவுத் தெருவுக்கு எழுந்தருளினார். உமது ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. விற்ற வீடு ஒவ்வொன்றிலும் வாழைமரம், மாவிலைத் தோரணம், அடுப்பில் பொங்கும் பால். பாலைப் பார்த்துப் பார்த்துத் தேவியாருக்குத் தாகம் எடுத்தது. கொல்லையில் கிணறு இருந்தது. கயிறும் இல்லை, தோண்டியும் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. தெரு முழுதும் தேடியும் ஒரு முழம் கிணற்றுக் கயிறு கிடைக்கவில்லை. தண்ணீரே தொடாமல் பாலை மட்டும் காய்ச்சி வாழும் அதிசயக் குடிகளைத் தேவியார் அன்றுதான் கண்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

தெருக்கோடியில் அந்தச் சிரிப்பு நின்றது. மருதி என்னும் நெசவுக்காரி தன் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் வீட்டுக்கு முரசு. பிள்ளைகளோடு எங்கே போகிறாய் என்று தேவியார் வினவ, அவள் உரைத்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் வரைக என்பது ஆணை:

“எங்க போறதுன்னு தெரியலை தாயே. உங்க பேரச் சொல்லி மேல்வரி போட்டாங்க. கட்ட முடியலைன்னா வீட்ட வித்துடுன்னாங்க. விக்கப் போனா அரையரோட மச்சான விட்டா வாங்க ஆளே இல்ல. வெளியாளு வந்தா துறையிலயே மடக்கித் திருப்பிடுறாங்க. கால் வெலைக்கு வாங்கிக்கிட்டு, ஊரு செழிச்சுதுன்னு மொரசு வேற அடிக்கிறாங்க.”

தம் பேரைச் சொல்லி என்று கேட்டதும் தேவியாருக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி. வண்டிமாட்டைத் தாமே அவிழ்த்துவிட்டார்.

ஆகவே ஆணையாவது: மேல்வரி இன்றோடு ஒழிக. உம் மைத்துனர் வாங்கிய வீடுகள் அனைத்தும் விற்றவருக்கே திரும்புக; அவர் கொடுத்த கால் விலை அவருக்கே நட்டமாகுக. மருதியின் தறி மறுபடியும் அவள் வீட்டுத் தறிக்குழியில் இறங்குக. வரும் வெள்ளிக்கிழமை உமது மாளிகைக்கு விற்பனை முரசு முழங்கும். வாங்க உரிமையுடையோர் நெசவுத் தெருவார் மட்டுமே. வெளியார் வந்தால் துறையிலேயே மடக்கப்படுவர். விலை சொல்பவள் மருதி. அவள் மனம் வைத்தால் கால் விலை தரக்கூடும், பேரம் பேசற்க. அந்த விற்பனையையும் உமது கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். பட்டினம் மேலும் ஒரு வீடளவு செழித்ததெனத் தேவியார் உளமார மகிழ்வார்.

வேங்கை முத்திரை பொறித்து விடுத்தோம். இதற்கு மறுமொழி ஓலை வேண்டுவதில்லை. மாளிகைச் சாவியை மருதி கையில் கொடுத்துவிட்டு, நடந்தே அரண்மனை வாயிலுக்கு வந்து சேர்க.