தொட்டியில் நீங்கள் ஊற்றிய தண்ணீர்

அண்ணாச்சி,

இன்று காலை புது பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தேன். நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. முன்பெல்லாம் அந்த நெடி அடித்தால், நம் நாற்றுகளை எந்தச் சீக்கும் அண்டாது என்று ஒரு தெம்பு வரும். இப்போது உங்கள்மேல் கோபம்தான் வருகிறது.

நீங்கள் போய் எட்டு மாதம். செத்தவரோடு மல்லுக்கு நிற்காதே என்கிறார் என் வீட்டுக்காரர். நிற்கத்தான் போகிறேன்.

சாத்தூர் ரோட்டில் நாம் கூட்டாகப் போட்ட பண்ணை. நிழல்வலைக் குடிலுக்குள் மிளகாய் நாற்றும் தக்காளி நாற்றும். மருந்து என் பொறுப்பு, ஆட்கள் உங்கள் பொறுப்பு என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். நீங்கள் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியிலிருந்தே நாலு பெண்களைக் கூட்டிவந்தீர்கள். அங்கே வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. ஆளுக்கொரு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதையும் வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள், முதல் ஆளாக நீங்கள். நானும் சிரித்தேனே தவிர அதட்டவில்லை. அது என் தப்பு.

வாசல் தொட்டியில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெளி மண்ணோடு வரும் அழுகல் கிருமி அதில் சாகவேண்டும். பவுடரை நிறுத்துக் கொடுப்பது நான், கலக்குவது நீங்கள். கலக்கியாச்சா என்று தினமும் கேட்பேன்.

"நெடி வருதுல்ல தாயி, பெறகென்ன" என்பீர்கள்.

மல்லாங்கிணற்றில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவர் நம்மிடம் வாங்கிப்போன மிளகாய் நாற்று, நட்ட பத்தே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்தது. நாலு பேர் நாற்று வாங்க நிற்கும்போது வந்து, நாற்றிலேயே சீக்கு இருந்தது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அளவு பிசகாமல் மருந்து வைக்கிறோம் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை.

"அப்பன்னா இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு வந்து சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் பேசாமப் போயிர்றேன்."

வெள்ளிக்கிழமை போனோம். பஸ்ஸில் நீங்கள் வாயே திறக்கவில்லை. எனக்காக வருத்தப்படுகிறீர்கள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. ஆத்தா முன்னால் சூடத்தை ஏற்றிவைத்ததே நீங்கள்தான். என் பண்ணை மருந்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அந்த மனுசர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அந்த வருசம் அவர் மிளகாயே போடவில்லை.

உங்களுக்குப் பின் தொட்டியை நானே கலக்க ஆரம்பித்தேன். முதல் நாளே, நீங்கள் கூட்டிவந்த நாலு பேரில் ஒருத்தியான பேச்சியம்மாள் தொட்டியில் காலை விட்டதும் வெடுக்கென்று எடுத்தாள்.

"எக்கா, அண்ணாச்சி கலக்கும்போது இப்பிடிக் காந்தாதே. எங்க பித்தவெடிப்பப் பாத்துட்டு நாலு கொடம் தண்ணி கூட ஊத்துவாரு."

எனக்கு நெடி தெரியவேண்டும் என்று தொட்டி விளிம்பில் ஒரு கை பவுடரைத் தூவுவீர்களாம். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தீர்களாம்.

நான் என்ன அரக்கியா அண்ணாச்சி? கால் எரிகிறது என்று சொல்லியிருந்தால் அந்தப் பூட்ஸை நானே குனிந்து மாட்டிவிட்டிருப்பேனே. நாலு பேர் காலுக்கு இரங்கிய மனசு, சூடத்தில் வைத்த என் கைக்கு இரங்கவில்லையே.

மறுநாளே மல்லாங்கிணற்றுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடவேண்டும், அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று. அவர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் பேசி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி படுக்கையில விழுறதுக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டாரும்மா. எங்கூடவே இருக்கன்குடிக்கு வந்து மொட்ட போட்டு, விழுந்து கும்பிட்டுட்டுப் போனாரு."

எனக்கு இந்த விசயம் தெரியாது என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. ஒங்களுக்கும் தெரிஞ்சுதான் சத்தியம் பண்ணுனீகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மொட்டைத் தலையோடு எத்தனை நாள் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தீர்கள். பேரனுக்காக நேர்ந்துகொண்ட மொட்டை என்றீர்கள். நானும் நம்பி, பேரனுக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தேன்.

இப்போது பெண்கள் எல்லாரும் பூட்ஸ் போடுகிறார்கள். தொட்டியைப் பேச்சியம்மாள் சரியாகக் கலக்குகிறாள். ஆனாலும் அவள் கலக்கியாச்சு என்றால் நான் கையை விட்டுப் பார்க்கிறேன். வீட்டில் கதவைப் பூட்டிவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னாலும் எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறேன், அண்ணாச்சி.